பாதியில் எழுந்து நின்றவர்

தைப்பிங்
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புத் தம்பி கோலினுக்கு,

மூன்று நாளாகக் காயாத துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அக்கா எழுதுகிறேன். நீ நலமா, அப்பா நலமா என்று கேட்பதற்கு முன்னால் உன்னைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

ஜூன் மாதம் உன் உறைக்குள்ளேயே அப்பாவுக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்று வைத்து அனுப்பினேன். அவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அச்செழுத்தையே கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். என் கையெழுத்து அவருக்கு ஆகாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டு என்று உனக்குத் தனித் துண்டில் எழுதியிருந்தேன். ஜூலையில் கேட்டபோது "படிக்கிறேன்க்கா" என்று ஒரு வரி வந்தது. மறுபடி கேட்டேன், பதிலே இல்லை. இது மூன்றாவது தடவை. உன் காதில் விழுகிறதா, இல்லையா?

இங்கே நவதுறவிகளுக்குக் கைப்பேசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். இருந்திருந்தாலும் நான் கூப்பிட்டால் அப்பா எடுத்திருக்க மாட்டார். மடத்துக்குப் புறப்பட்ட அன்றைக்கு வாசலில் நின்று, "போனா போனதுதான்லா, திரும்பிப் பாக்காத" என்றாரே, அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக ஒரு வார்த்தை கிடையாது.

டிசம்பர் எட்டாம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக உறுதி எடுக்கும் நாள். எங்கள் சபையில், பீடத்துக்குப் போகும் முன் பெற்றவர்களில் ஒருவர் மெழுகுவர்த்தியை ஏற்றிப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். நமக்கு அம்மா இல்லை. அப்பாவும் வராவிட்டால் மடத்துத் தலைவி மதர்தான் கொடுப்பார். போன வருடம் ஒரு சிஸ்டருக்கு அப்படித்தான் நடந்தது. அன்று அவள் முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அது வேண்டாம். அப்பா வர வேண்டும். அதைத்தான் அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறேன்.

நான்கு பக்கம் படிக்கப் பத்து நிமிடம் ஆகுமா? உனக்கு ஏழு வயதிலிருந்து சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, வாத்தியார் கூப்பிட்டால் அம்மா இடத்தில் போய் நின்றவள் கேட்கிறேன். படித்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று அப்படியே எழுது. திட்டினால் திட்டினதையும் எழுது.

பாசமுள்ள அக்கா,
பமேலா


புந்தோங், ஈப்போ
18 ஆகஸ்ட் 2025, திங்கள்

என் அருமை அக்காவுக்கு,

கோபப்படாதே. அப்பா நன்றாக இருக்கிறார். உன் கடிதத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் இந்தச் சனி ஞாயிறைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு இப்படி ஒரு வாரக் கடைசி வந்ததே இல்லை!

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வகுப்பு. போன மாதம் விட்டுப்போன பாடத்துக்கு ஈடு. மின்மோட்டார் ஏன் சூடாகிறது என்று லெக்சரர் ஒரு மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தார். யுகேந்திரன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான், அது அவனுக்குக் கைவந்த கலை. அவனைப் பார்த்தே, "நீங்க சொல்லுங்க, ஏன் சூடாகுது?" என்றார். இவன் திடுக்கிட்டு எழுந்து, "சார், சனிக்கிழமையும் வேலை வாங்குனா அதுக்கும் கோபம் வரும்லா" என்றான். வகுப்பே ஒரே சிரிப்பு. லெக்சரரும் சிரித்துவிட்டு அரை மணி முன்னதாகவே விட்டுவிட்டார்.

அங்கிருந்து நேராக நம்ம புந்தோங் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கூட நடிக்கிற ஷர்மினி பார்க்கத்தான் குச்சி மாதிரி இருப்பாள். மூன்று தடவை சோறு வாங்கிவிட்டு, "ரசம் இன்னும் வரல" என்று கடைக்காரரிடமே சண்டை போட்டாள். பிறகு கல்லூரி உணவகத்தில் நாடக ஒத்திகை. கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு எங்களை விரட்ட வந்தவர், ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். அப்புறம் வசனத்தை மறந்தவனுக்கெல்லாம் அவரே எடுத்துக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்!

ஞாயிறு மதியம் போட்டி. பேராக்கிலிருந்து ஏழு கல்லூரிகள். நாடகம் நான் எழுதியது, சொல்லியிருக்கிறேனா? பெயர் 'பின் சீட்டு'. பஸ் ஓட்டும் அப்பா, ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட மகள். கல்லூரி ஏற்பாடு செய்த வண்டி வரவில்லை. யுகேந்திரன் எப்படியோ கடைசி நேரத்தில் ஒரு பஸ் பிடித்தான். நாடகம் தொடங்கும் வரை திரை ஓரத்திலிருந்து கூட்டத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளாக நடித்த ஷர்மினி ஒரு கடிதம் படிப்பாள். படிக்கும்போதே கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார். அவர் பேசியதும் மண்டபம் முழுவதும் அப்படியே அடங்கிவிட்டது, அப்புறம் பார், கைத்தட்டல்! பார்வையாளருக்குள் ஒரு நடிகரை உட்கார வைத்த யோசனைதான் நாடகத்தின் உச்சம் என்று நடுவர் மேடையிலேயே சொன்னார். முதல் பரிசு எங்களுக்குத்தான்க்கா. திரும்பும்போது பஸ்ஸில் ஒரே பாட்டு, கும்மாளம்.

தாள் முடியப்போகிறது. உன் கடிதத்தைப் பற்றி அடுத்த முறை விவரமாக எழுதுகிறேன். நீ எனக்காகச் சந்தோஷப்படுவாய் என்று தெரியும்.

உன் செல்லத் தம்பி,
கோலின்


தைப்பிங்
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

கோலினுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. யுகேந்திரன் தூங்கியதை நினைத்துச் சமையலறையில் தனியாகச் சிரித்தேன், சக சிஸ்டர்களிடமும் சொன்னேன். தம்பி முதல் பரிசு வாங்கினான் என்று பெருமை அடித்துக்கொண்டேன். அப்பாவைப் பற்றி இந்த முறையும் ஒன்றுமில்லையே என்று எரிச்சலாக இருந்தாலும், போகட்டும், பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஈப்போவிலிருந்து ஒரு சிஸ்டர் இங்கே வந்தார். உன் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவராம். சாப்பாட்டு மேசையில், "ஒரு நாடகம் பாத்தேன் பமேலா, அழுதுட்டேன்" என்று ஆரம்பித்தார். எனக்கு ஒரே ஆர்வம். என் தம்பி எழுதியது என்று சொல்ல வாய் துடித்தது. அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"ஒரு பொண்ணு அப்பாவுக்கு கடிதாசி எழுதுது. பன்னெண்டு வயசுல பள்ளி பஸ்ஸுல கடேசி சீட்டுல அது பெரிய மனுஷி ஆயிருச்சாம். எழுந்திரிக்க முடியாம உக்காந்திருக்கு. அம்மா இல்லாத புள்ள. அப்பாதான் டிரைவரு. மத்த புள்ளைங்கள எல்லாம் எறக்கி விட்டுட்டு, சட்டையக் கழட்டி அது இடுப்புல கட்டி விட்டுட்டு, பனியனோட சீன ஆன்ட்டி கடைக்குப் போறாரு. என்னா கேக்குறதுன்னு தெரியல. 'எம் மகளுக்கு, எம் மகளுக்கு'ன்னு மலாய்ல திருப்பித் திருப்பிச் சொல்லிகிட்டே நிக்கிறாரு..."

எட்டுப் பேர் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கோலின், அது என் கடிதம். ஒரு சொல் மாறாமல் என் கடிதம். ஒரே வீட்டில் இருந்தும் உனக்கே தெரியாமல் இருந்த விஷயம் அது. அப்பாவும் நானும் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை. பதினான்கு வருடம் கழித்து, நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை அப்பா என்று அவரிடம் மட்டும் சொல்வதற்காக எழுதினேன். அதை இருநூறு பேருக்கு முன்னால் ஒலிபெருக்கி வைத்துப் படிக்க வைத்திருக்கிறாய். ஷர்மினிக்கு அது யாருடையது என்று தெரியுமா?

இன்னும் இருக்கிறது. "கூட்டத்துல ஒருத்தரு எழுந்து, 'போதும்மா, அது எம் மக எனக்கு எழுதுனது'ன்னாரு பாரு, அசல் பஸ் டிரைவர் மாதிரியே இருந்தாரு. எங்கேருந்து புடிச்சாங்களோ அந்த ஆளை" என்றார் சிஸ்டர்.

நான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுந்து நின்ற அந்த நடிகர் யார்? பெயரை எழுது.

பமேலா


புந்தோங்
29 ஆகஸ்ட் 2025, வெள்ளி

அக்கா,

செபாஸ்டியன். போதுமா? நம்ம அப்பாதான்.

நான் திட்டம் போட்டு உட்கார வைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். வண்டி வராததும் யுகேந்திரன் என்னைக் கேட்காமலேயே அப்பாவைக் கூப்பிட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பள்ளி பஸ் சும்மாதானே நிற்கும் என்று. எங்களை இறக்கிவிட்டு அவர் வெளியே வண்டியிலேயே இருப்பார் என்றுதான் நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஷர்மினி போய், "அங்கிள், உள்ள வந்து உக்காருங்க, ஏர்கோன் இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். திரை ஓரத்திலிருந்து பார்த்தேன். பக்கத்து ஆளிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மகன் எழுதின நாடகம் என்று சொல்லியிருப்பார். நாடகத்தை நிறுத்தியிருக்கலாம். அந்தப் பகுதியை விட்டுவிடு என்று ஷர்மினியிடம் சொல்லியிருக்கலாம். நான் செய்யவில்லை.

அவர் எழுந்ததும் ஷர்மினி பயந்து நிறுத்திவிட்டாள். சனங்கள் கைத்தட்டினார்கள். அப்பா சுற்றிமுற்றிப் பார்த்தார், ஏன் தட்டுகிறார்கள் என்றே அவருக்குப் புரியவில்லை. அப்புறம் கதவைத் தேடி வெளியே போனார். யுகேந்திரன் ஓடிவந்து, "மச்சான், எங்கிட்டகூட சொல்லாம அங்கிள உக்கார வச்சிட்டியே, பயங்கர மூளைடா உனக்கு" என்றான். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் முதல் பரிசு.

பஸ்ஸில் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, "அங்கிள் சூப்பர் எக்டிங்லா" என்றார்கள். அவர் சிரித்தார் அக்கா. "தேங்ஸ்" என்றார். எல்லாரையும் ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "அந்தக் காகிதம் எங்க?" என்றார். கொடுத்தேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "நீ படிச்சது போதும்" என்றார். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, பஸ்ஸிலேயே உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மெழுகுவர்த்திப் பக்கத்துக்கு இன்னும் போகவில்லை.

ஏன் படித்துக் காட்டவில்லை என்று மூன்று தடவை கேட்டாய். உன் பெயரை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிறார், அதனால்தான் என்று எழுதலாம். அதுவும் உண்மைதான். ஆனால் முழு உண்மை அது இல்லை. அன்றைக்கு உறையைப் பிரித்தேன். அப்பாவுக்கு நான்கு பக்கம். எனக்கு ஒரு துண்டுத் தாள், அதிலும் உத்தரவு. விட்டுவிட்டுப் போனது நீ. பேசாத மனிதரோடு தினமும் சாப்பிட உட்காருவது நான். மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். "நீ எப்படிடா இருக்க, ஒத்தையா சமாளிக்கிறியா" என்று எனக்கு ஒரு பக்கம் எழுதக் கூடாதா? எனக்கு ஆத்திரம் பொங்கியது. உன் கடிதத்தை எடுத்து மேசைக்குள் போட்டேன். நாடகத்துக்கு வசனம் வராமல் தவித்தபோது எடுத்துப் படித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. அது எனக்கு வந்த கடிதம் என்று ஒரு பத்து நாள் வைத்துக்கொண்டேன் என்றுதான் வையேன்.

தப்புதான். பெரிய தப்பு. நீ என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


தைப்பிங்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

கோலினுக்கு,

இன்று பார்வையாளர் தினம். காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால், மடத்து வாசலை அடைத்துக்கொண்டு மஞ்சள் நிறப் பள்ளி பஸ் ஒன்று நிற்கிறது. வழி தெரியாமல் வந்துவிட்ட வண்டி என்று மதர் குடையோடு போய் விசாரித்தார். நாற்பது சீட்டும் காலி. அப்பா கிறிஸ்துமஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இறங்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

வரவேற்பறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "உடுப்ப வெள்ளையால்ல குடுத்திருக்காங்க. இந்த ஊரு மழைல சேறு பட்டா எப்பிடித் தொவைப்ப?" என்பதுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. சோப்பு எது போடுகிறோம் என்று விவரமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "ரெண்டு பக்கம் நானே கூட்டிப் படிச்சிட்டேன்மா. அந்தப் புள்ள சொன்னதுதான் இருக்கு. நல்லாத்தான் சொன்னுச்சு, பாவம், அதும் மேல தப்பில்ல. மிச்சத்த நீயே படி, உங் கொரல்ல கேக்குறேன்" என்றார்.

படித்தேன். மெழுகுவர்த்தி வந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவர் காத்திருந்தார். முடித்ததும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடியாது என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். "எட்டாந் தேதி திங்கக்கெழம" என்றார். "பள்ளிக்கூடம் இருக்கும். பஸ்ஸுக்கு வேற ஆளு பாக்கணும்லா" என்றார். மதர் டீ கொண்டுவந்தார். மூன்று பிஸ்கட் சாப்பிட்டார்.

இனி உன் விஷயம். உனக்கு ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். எழுதியிருக்க வேண்டும். உன்னை நான் எப்போதும் வேலை சொல்லியே வளர்த்துவிட்டேன். அது என் தப்பு, அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் என் தப்பை வைத்து உன்னுடையதைக் கழித்துக்கொள்ள முடியாது. எங்களுக்குத் தினமும் காலையில் மன்னிப்பைப் பற்றி வகுப்பு நடக்கிறது. நான்தான் குறிப்பெடுக்கிறேன், அழகாக எழுதுகிறேன் என்று மதர் பாராட்டுகிறார். உன் பெயரை நினைத்தால் அதில் ஒரு வரிகூட எனக்கு உதவவில்லை. அந்தச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையில் நிற்பது நான்தான் என்றே இன்னும் தோன்றுகிறது. எட்டுப் பேரோடு சாப்பிட உட்கார்ந்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

நீ என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? யாருடைய வார்த்தையைப் பேசினோம் என்று ஷர்மினிக்கு இன்னும் தெரியாது. அப்பா நடித்தார் என்றுதான் யுகேந்திரன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். அவர்களிடம் உன் வாயால் சொல். சொன்ன பிறகு எழுது. அதுவரைக்கும் எழுதாதே, வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

அப்பா புறப்படும்போது மழை வலுத்துவிட்டது. பஸ் படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு திரும்பி, "தம்பியையும் கூட்டிகிட்டு வரட்டுமாமா, எட்டாந் தேதி?" என்று கேட்டார். மழைச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி நின்றுவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

பமேலா